மூன்று வயதுச் சரக்கும் ஒரு தீக்குச்சியும்

நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு, "வாத்தியாருக்கு வயசான காலத்துல என்ன ஆச்சு?" என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நான் குடிப்பதில்லை, இனிமேல் ஆரம்பிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் நடத்தியவன். யாராவது ஒரு திரவத்தைக் கொண்டுவந்து "இது என்ன சார்?" என்று கேட்டால் சும்மா இருக்க முடியாது.

கேட்டவன் என் பழைய மாணவன். அயர்லாந்தில், டப்ளின் நகரத்தில் வேலை. ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்தான். திருத்தணியில் காவடி செலுத்தி, விரதமெல்லாம் முடித்து இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தபோது என் வீட்டம்மாள் சமையலறை வாசலில் நின்று பார்த்த பார்வையை எழுதத் தமிழில் சொல் இல்லை.

"குடிக்கச் சொல்லல சார். மோந்து பாத்துச் சொல்லுங்க. அங்க ருசி பாக்கறதுக்குன்னே ஒரு வகுப்பு நடத்தறாங்க. நானும் போனேன். பாதி வேலை மூக்குக்குத்தான்னு சொன்னாங்க. அப்ப உங்க ஞாபகம்தான் வந்துது. லேப்ல மோந்தே எந்த பாட்டில்னு சொல்வீங்களே."

அது ஐரிஷ் விஸ்கி. மூன்று வருடத்தைக் கொஞ்சம் தாண்டிய இளம் சரக்கு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நம்ம ஊர்ப் பக்கத்துக் கடையில் ஒரு குவார்ட்டரும் வாங்கி வந்திருந்தான். துலிப் பூ மாதிரி அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை வேண்டும் என்றான். நமக்கு ஏது அதெல்லாம்? வீட்டில் இரண்டு கூம்புக் குடுவை இருந்தது. (பள்ளிக்கூடத்துச் சொத்து இல்லை, காசு கொடுத்து வாங்கியது.) யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. வாசனை மேலே வந்து குறுகிய வாயில் தேங்கி நிற்கும்.

ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுப்போம் அல்லவா, பாட்டிலுக்குள் மூக்கை விடாதே, கையால் விசிறி மோந்து பார் என்று? விஸ்கிக்கும் அதேதான். ஆழ இழுத்தால் ஆல்கஹால் நெடி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து சிறிது சிறிதாக நெருங்க வேண்டும். பிறகு நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் பட்டதும் காரம் தணிந்து, அடியில் ஒளிந்திருந்த வாசனைகள் எழும்பும். தொழிற்சாலையில் சரக்கைக் கலக்கும் நிபுணர்கள் ஒரு நாளில் பார்க்க வேண்டிய மாதிரிகளைக் குடித்தே பார்த்தால் மதியத்துக்கு மேல் எழுந்து நிற்க முடியாது. அவர்களும் பெரும்பாலும் மூக்கால்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆகவே குடிக்காத வாத்தியார் மதிப்பெண் போடுவதில் தவறொன்றும் இல்லை.

முதலில் அயர்லாந்துக் குடுவை. காரம் போனதும் முதலில் வந்தது தானிய வாசனை. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டித் துணியை அவிழ்க்கும்போது வருமே, கிட்டத்தட்ட அது. அதற்குப் பின்னால் பேரிக்காய், பச்சை ஆப்பிள். பழ வாசனையோடு ஒட்டிக்கொண்டு நகப்பூச்சு மாதிரி லேசான ஒரு நெடி. எதைல் அசிட்டேட் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? அதுதான். இவையெல்லாம் சரக்கு இன்னும் இளசு என்பதற்கான அடையாளங்கள். தண்ணீர் விட்ட பிறகு, ரொம்ப மெலிதாக வெனிலாவும் சுட்ட தேங்காயும் எட்டிப் பார்த்தன. அது மரம் பேசத் தொடங்குவது. அமெரிக்காவில் பூர்பன் விஸ்கிக்குப் புதிதாகச் செய்து உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம். ஒருமுறை பயன்படுத்தியதை அவர்கள் விற்றுவிடுகிறார்கள், அயர்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து வெனிலின் ஆகிறது. ஓக் மரத்தில் உள்ள லாக்டோன் என்ற பொருள் தேங்காய் மணம் தருகிறது. கருகிய உட்புறம் கரி வடிகட்டி போல் வேலை செய்து, கந்தக நெடியுள்ள பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. மரத்தின் நுண்துளை வழியே காற்று மெல்ல உள்ளே போய், வருடக்கணக்கில் வினை நடக்கிறது.

நிறத்தை நம்பக் கூடாது. கேரமல் சேர்த்து நிறமேற்ற அங்கேயும் சட்டம் அனுமதிக்கிறது.

அடுத்து நம்ம ஊர்க் குடுவை. அயர்லாந்துச் சரக்கைவிட நிறம் அடர்த்தி. மூக்கில் காரம், அப்புறம் மிட்டாய்க் கடை மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. தண்ணீர் விட்டதும் இரண்டும் சேர்ந்து மங்கிவிட்டன. பின்னால் எதுவும் வரவில்லை. தானியம் இல்லை, பழம் இல்லை, மரமும் இல்லை.

"இதுக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு இங்கே பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதில்தான் சரித்திரம் இருக்கிறது.

அயர்லாந்தில் தானிய ஊறலைக் காய்ச்சி, மரத்தில் வைக்காமல் அப்படியே குடிக்கும் சரக்குக்குப் 'பொட்சீன்' என்று பெயர். சின்னப் பானை என்று பொருள். நம்ம பக்கத்தில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சும் பட்டைச் சாராயத்துக்கு அக்கா தங்கை உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1661-ல் ஆங்கில அரசு சாராயத்துக்கு வரி போட்டது. வரி கட்டாமல் காய்ச்சியது கள்ளச்சாராயம் ஆயிற்று. மலையிலும் சதுப்பு நிலத்திலும் ஒளிந்து காய்ச்சுவார்கள். தீர்வை அதிகாரிகள் துரத்துவார்கள். (நம் மலைப்பக்கக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.) பொட்சீன் மறுபடி சட்டப்படி அயர்லாந்துக் கடைக்கு வந்தது 1997-ல்தான்.

அப்படித் துரத்திய அதிகாரிகளில் ஒருவர் ஈனியஸ் காஃபி. 1810-ல் டோனிகால் பகுதியில் கள்ளச்சாராயக் கும்பல் தாக்கிப் படுகாயப்படுத்தியது. பிழைத்தார். பிறகு அயர்லாந்துத் தீர்வைத் துறையின் தலைமைப் பதவி வரை உயர்ந்தார். ஓய்வு பெற்று வீட்டில் உட்காரவில்லை மனிதர். 1830-ல் ஒரு புது வகை வாலைக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை செம்புப் பானையில் ஒவ்வோர் ஈடாக ஊற்றி, காய்ச்சி, கழுவி, மறுபடி ஊற்ற வேண்டும். காஃபியின் வாலையில் உயரமான இரண்டு தூண்கள். ஒன்றில் மேலிருந்து ஊறல் இறங்கும், கீழிருந்து நீராவி ஏறும். இரவு பகல் நிறுத்தாமல் ஓடும். வெளியே வருவது நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றைந்து பங்கு சுத்த ஆல்கஹால். அவ்வளவு சுத்தமானால் எந்தத் தானியத்தில் செய்தோம் என்ற மணமே மிஞ்சாது.

டப்ளின்காரர்கள் அதைச் சீந்தவில்லை. ஜேம்சன், பவர், ரோ என்று அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெற்ற பெரிய காய்ச்சுச் சாலைகள் அவர்களுடையவை. தூண் வாலையில் வருவது விஸ்கியே அல்ல, வாய் பேசாத ஊமைச் சாராயம் என்று 1870-களின் கடைசியில் புத்தகமே போட்டார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதே வாலையை வாங்கி வைத்து, ஊமைச் சாராயத்தோடு மால்ட் விஸ்கியைக் கலந்து உலகம் முழுக்க விற்றார்கள். 'எது விஸ்கி' என்று லண்டனில் வழக்கே நடந்தது. 1908-ல் ஒரு அரச ஆணையம் அமைத்தார்கள். அது 1909-ல் இரண்டும் விஸ்கிதான் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு அமெரிக்க மதுவிலக்கும், பிரிட்டனோடு நடந்த வணிகச் சண்டையும் சேர்ந்து ஐரிஷ் தொழிலைச் சாய்த்தன. 1980-களின் நடுவில் அந்தத் தீவு முழுவதிலும் இயங்கியவை இரண்டே காய்ச்சுச் சாலைகள்.

அயர்லாந்துக்காரர் கண்டுபிடித்து, அயர்லாந்து வேண்டாம் என்று தள்ளிய அந்தத் தூண் வாலையின் வாரிசுதான் இன்றைக்கு நம் நாட்டுச் சாராய ஆலைகளில் எல்லாம் நிற்கிறது. கரும்பாலைக் கழிவுப்பாகை நொதிக்கவைத்து, தூண் வாலையில் ஏற்றி, மணமே இல்லாத சாராயமாக்கி, தண்ணீர் சேர்த்து, மணமும் நிறமும் சேர்ப்பார்கள். கொஞ்சம் விலை கூடியதில் மால்ட் விஸ்கியும் கலந்திருக்கும். அதைப் பாட்டிலில் அடைத்து விஸ்கி என்று ஒட்டுவார்கள். கழிவுப்பாகில் செய்ததை விஸ்கி என்று ஐரோப்பாவில் விற்க முடியாது.

இப்போது அந்த மூன்று வருடக் கணக்குக்கு வருவோம். அது ருசிக்காக வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1915, முதல் உலகப் போர். வெடிமருந்துத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வருவதில்லை என்று அமைச்சர் லாயிட் ஜார்ஜுக்குக் கோபம். ஜெர்மனியைவிடக் குடிதான் பெரிய பகை என்கிற அளவுக்குப் பேசினார். முழு மதுவிலக்கு கொண்டுவர முடியவில்லை. சமரசமாக வந்ததுதான் முதிராத சாராயத்துக்குத் தடைபோட்ட சட்டம். முதலில் இரண்டு வருடம், பிறகு மூன்று வருடம் பண்டகச் சாலையில் இருக்காத சரக்கை விற்கக் கூடாது. மலிவான, சூடான, அன்றைக்குக் காய்ச்சிய சரக்கு சந்தைக்கு வராமல் தடுப்பதுதான் நோக்கம். குடியைக் குறைக்கப் போட்ட சட்டம் குடிப்பவர்களுக்கு நல்ல சரக்கைக் கொடுத்துவிட்டது! இன்றைக்கும் அயர்லாந்துத் தீவிலேயே மரப்பீப்பாயில் மூன்று வருடம் இருந்தால்தான் ஐரிஷ் விஸ்கி என்ற பெயர்.

இப்போது இளம் சரக்கு நிறைய வருவதற்கும் காரணம் இருக்கிறது. 2015-ல் டீலிங் குடும்பத்தார் டப்ளினில் ஒரு காய்ச்சுச் சாலை திறந்தார்கள். நூற்றிருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்த நகரத்துக்குக் கிடைத்த முதல் புதுச் சாலை அது. அதைத் தொடர்ந்து நாடு முழுக்கப் பல. புதிதாகத் தொடங்குபவர் மூன்று வருடம் விற்பனைக்கு விஸ்கி இல்லாமல் வட்டி கட்ட வேண்டும். அதனால் முதல் பீப்பாய் கெடு தாண்டிய உடனே பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். பொதுத்தேர்வுக்கு வயது வந்தாயிற்று, படித்து முடித்தானா என்பது வேறு விஷயம்.

பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தோம். அயர்லாந்துப் பாட்டிலில் 46 சதவீதம். நம்ம பாட்டிலில் 42.8 சதவீதம், பக்கத்திலேயே 25 யூ.பி. என்று போட்டிருந்தது. "40 இல்ல, 45 இல்ல. அது என்ன சார் 42.8?" என்றான். நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் எத்தனையோ லட்சம் பேர் தினம் கையில் பிடிக்கும் எண்; எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

பழைய காலத்தில் சாராயத்தின் வீரியத்தைச் சோதிக்க, வெடிமருந்தை அதில் நனைத்துக் கொளுத்துவார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. பற்றினால் 'புரூப்', பற்றாவிட்டால் தண்ணீர் கலந்தது. வரி வசூலிக்கும் அரசாங்கத்துக்கு இது போதுமா? பார்த்தலோமியூ சைக்ஸ் என்பவர் செய்த பித்தளை மிதவைமானியை 1816-ல் சட்டமாக்கினார்கள். தத்துவம் எளிது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. சரக்கில் ஆல்கஹால் கூடக்கூட மிதவை ஆழமாக இறங்கும். அந்த அளவுகோலில் 100 புரூப் என்பது இன்றைய கணக்கில் 57.1 சதவீதம். அதற்கு 25 பாகை குறைவு 25 'அண்டர் புரூப்', அதாவது 75 புரூப். 57.1-ஐ 0.75-ஆல் பெருக்கிப் பாருங்கள். 42.8. பிரிட்டன் 1980-ல் புரூப் கணக்கைத் தலைமுழுகிவிட்டது. நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மிதவைமானி கலெக்டர் கச்சேரிக்குத்தான். ஊரில்? நாக்கும் தீக்குச்சியும்தான்.

நாக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் முன்னோர்கள் மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்தார்கள், மண்ணில் புதைத்து வைத்தார்கள். புறநானூற்றில் ஔவையார் ஒரு பாட்டில், நாள்பட்ட தேறலின் கடுப்புக்குத் தேள் கொட்டுவதை உவமை சொல்கிறார். அது காய்ச்சி வடித்தது அல்ல, புளிக்கவைத்தது. இருந்தாலும் வயது ஏறினால் என்ன ஆகும் என்பதை நாக்கால் அறிந்து, அதற்கு ஒரு அளவும் வைத்திருந்தார்கள்.

நம் ஊரின் மதுவிலக்குச் சரித்திரம் விசித்திரமானது. 1886-ல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. கள்ளும் சாராயமும் அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த அக்டோபரில் சித்தூர், கடப்பை மாவட்டங்கள். அப்போது நம் திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில். ஆகவே மதுவிலக்கில் நாம் வட ஆற்காட்டுக்கு ஒரு வருடம் மூத்தவர்கள். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1953-ல் நாம் ஆந்திர மாநிலத்தோடு போனோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல் திரும்பி வந்தோம். 1971-ல் கடை திறந்தது, 1974-ல் மூடியது, 1981-ல் மறுபடி திறந்தது. 1987-ல் கள்ளுக்குத் தடை, 1991-ல் சாராயக் கடைக்கு முடிவு. 1995-லிருந்து 1997 வரை ஆந்திராவில் மதுவிலக்கு. அந்த இரண்டு வருடம் அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வந்தார்கள். மற்ற காலங்களில் கள்ளுக்காக நம் ஆட்கள் நகரிப் பக்கம் போனார்கள். எல்லைக்கல் எங்கே என்று சர்வேயரைவிடக் குடிகாரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

(இன்னொன்று. டாஸ்மாக் கடைகள் இயங்குவதும் 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழேதான். திருத்தித் திருத்தி அதே சட்டம். பெயர் இன்னும் மதுவிலக்குச் சட்டம்.)

இத்தனை திறப்பிலும் மூடலிலும், சரக்கு எத்தனை நாள் முதிர வேண்டும் என்று ஒரு வரியாவது சட்டத்தில் வந்ததா என்றால், சாதாரண விஸ்கிக்கு இன்றுவரை கட்டாய வயது இல்லை. விலை, வரி, கடை எண்ணிக்கை, மூடும் நேரம் எல்லாம் பேசினோம். பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்று பேசவில்லை. கடை மூடிய காலத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. என் தாத்தா சொல்வார், அவர் இளவட்டமாக இருந்தபோது மலையிலிருந்து வரும் சரக்கைக் கொட்டாங்குச்சியில் ஊற்றித் தீக்குச்சி கிழித்துக் காட்டுவார்களாம். நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு. எரியாவிட்டால் தண்ணீர் கலந்த ஏமாற்று. வெடிமருந்துச் சோதனையின் ஏழை வீட்டுப் பிள்ளை அது.

தாத்தா காலத்துக்கு அது சரி. அன்றைக்குக் கலப்படம் என்றால் தண்ணீர்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் நடந்தது. என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு வாரம் வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் என்றார்கள். நெசவுக்காரர், நல்ல கைத்திறன். பார்க்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் பேசிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"பத்தவச்சுப் பாத்துட்டுத்தான் சார் குடிச்சேன். நீலமாத்தான் எரிஞ்சுது."

இதை அவர் மூன்று முறையாவது சொல்லியிருப்பார். தான் கவனமில்லாமல் குடிக்கவில்லை, சோதித்துப் பார்த்தேன் என்று வாத்தியாரிடம் நிரூபிக்க வேண்டும் அவருக்கு. உயிர் பிழைத்தார். பார்வை முழுதாகத் திரும்பவில்லை. தறியில் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் வேலையும் போயிற்று.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எரிசாராயம், மெதனால், மெதில் ஆல்கஹால் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன்! சமன்பாடு எழுதினேன். கொதிநிலை கேட்டேன். மதிப்பெண் போட்டேன். இந்த ஊரில் தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறார்கள், அதை நம்பாதே என்று ஒரு நாள் கூடச் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் இல்லை, அதனால் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

மெதனாலும் நீலமாகத்தான் எரியும். குடிக்கும் ஆல்கஹாலைப் போலவே நிறமில்லாதது. வாசனையிலும் ருசியிலும் குடிப்பவனால் பிரித்தறிய முடியாது. மிதவைமானியும் காட்டாது. 20 பாகை வெப்பத்தில் எத்தனாலின் அடர்த்தி 0.789, மெதனாலின் அடர்த்தி 0.792. மிதவைக்கு இரண்டும் ஒன்றே. சைக்ஸின் பித்தளைக் கருவி, நிபுணரின் மூக்கு, நம் தீக்குச்சி, மூன்றும் வீரியத்தைச் சொல்லும், முதிர்ச்சியைச் சொல்லும், தண்ணீர் கலந்ததைச் சொல்லும். விஷத்தைச் சொல்லாது. ஆய்வகத்தில் வாயு நிறப்பிரிகை போன்ற கருவியில் வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

கள்ளச்சாராயம் காய்ச்சும்போது பக்குவம் தவறி மெதனால் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வெல்ல ஊறலில் அது அவ்வளவு உண்டாகாது. கூட்டம் கூட்டமாகச் சாவது, தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெதனாலை யாரோ திருப்பிவிட்டுக் கலந்து விற்பதால். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். எத்தனை பேர் ருசி பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் பற்றவைத்துப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

உடலுக்குள் மெதனால் முதலில் ஃபார்மால்டிஹைடாக மாறும், பிறகு ஃபார்மிக் அமிலமாக. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இதற்கு நேரம் பிடிக்கும். குடித்த இரவு ஒன்றும் தெரியாது. மறுநாள்தான் வயிற்று வலி, வாந்தி, கண்ணில் பனி மூடியது போல் மங்கல். "நேத்துக் குடிச்சதுக்கு இன்னிக்கு என்ன?" என்று படுத்துவிடுகிறார்கள். போலீஸ் கேட்கும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. இந்தத் தாமதம்தான் கொல்கிறது. நேரத்தோடு போனால் மாற்று மருந்து இருக்கிறது, ரத்தச் சுத்திகரிப்பு இருக்கிறது. ஆளைக் காப்பாற்றலாம், பல சமயம் கண்ணையும் காப்பாற்றலாம். மோர் கொடுப்பது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது என்று வீட்டு வைத்தியத்தில் இறங்காதீர்கள். பக்கத்தில் சேர்ந்து குடித்தவர் யார் யார் என்று கேட்டு அவர்களையும், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், அழைத்துப் போங்கள்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "நம்ம நாட்டுல யாரும் ஒழுங்கா பீப்பாயில வச்சுச் செய்யறதில்லையா சார்?" என்றான்.

செய்கிறார்கள். நம் ஊரிலிருந்து ஆறு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது பெங்களூர். 1948-ல் அங்கே தொடங்கிய அம்ருத் நிறுவனம் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டைக் கொண்டுபோய் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே வெளியிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் விற்றார்கள். 2010-ல் ஜிம் மரே என்ற ஆங்கில விமர்சகர் தன் விஸ்கிக் கையேட்டில் அவர்களுடைய ஃப்யூஷனுக்கு உலகில் மூன்றாம் இடம் கொடுத்தார்.

வயது என்பது எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பீப்பாயிலிருந்து வருடா வருடம் ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். அயர்லாந்துக் குளிரில் வருடத்துக்கு 2 சதவீதம் அளவு. பெங்களூரில் 10 முதல் 12 வரை. கணக்குப் போட்டால், நூறு லிட்டர் வைத்தால் மூன்று வருடம் கழித்து அங்கே 94 லிட்டர் இருக்கும். 12 சதவீதம் போனால் இங்கே 68. தேவதைகளுக்குத் தாகம் அதிகம். ஆனால் அதே வெப்பம் மரத்தின் சாரத்தையும் வேகமாக இழுக்கிறது. அதனால் நாலைந்து வயதுச் சரக்கு அங்கத்திய பன்னிரண்டு வயதுச் சரக்கோடு போட்டி போடுகிறது. நம் ஊர்க் கத்திரி வெயிலில் வைத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டான். பீப்பாய் மிஞ்சும் என்றேன்.

"சரி சார், இதுக்கு எவ்வளவு மார்க்?"

"நூத்துக்கு அறுபது. பிழை இல்ல. மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் உக்காந்து படிச்சிருக்கலாம்."

"அந்த இன்னொரு பேப்பர்?"

"அது வேற யாரோ எழுதிக் கொடுத்தது."

சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுத்துக்கொண்டு போனான். குடுவைகளில் மிச்சமிருந்ததைத் தொட்டியில் கொட்டினேன். கழுவ மறந்து, அப்படியே மேசையில் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் காபியோடு வந்த வீட்டம்மாள், கழுவுவதற்காக எடுத்தவள், ஒரு குடுவையை மூக்கருகே கொண்டுபோனாள். "இதுல நம்ம அம்மா வீட்டு மரப்பெட்டி வாசனை வருது" என்றாள். இன்னொன்றையும் மோந்து பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையே. தண்ணி வச்சிருந்தீங்களா?"